இந்தியாவுக்கு நடந்து போனவன்

ட்வேர் நகரில் வோல்கா கரையில் ஒரு சிலை நிற்கிறது. தாடி வைத்த வியாபாரி. காலடியில் குதிரைத் தலை செதுக்கிய படகு முனை. பெயர் அஃபனாசி நிகிதின். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்த ஊரிலிருந்து கிளம்பி, பாரசீகம் வழியாக இந்தியா வந்து, லாபம் பார்க்கலாம் என்று கூட்டிவந்த ஒற்றைக் குதிரையோடு பீதர் வரை அலைந்த மனிதர். 'மூன்று கடல்களுக்கு அப்பால்' என்று குறிப்பும் எழுதி வைத்தார். ரஷ்யாவில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

என் மாமியாருக்கும் தெரியும். தம் மகள் ஒரு திருநெல்வேலிக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர் என்னை நேரே அந்தச் சிலையடிக்குத்தான் கூட்டிப்போனார்.

"இவர் இந்தியாவுக்குப் போனார்" என்றார்.

ஊர்ப்பெருமையாக்கும் என்று நான் தலையாட்டினேன்.

"வீடு திரும்பவில்லை. வருகிற வழியில் ஸ்மோலென்ஸ்க் பக்கத்தில் செத்துப்போனார்."

வேறெதுவும் சொல்லவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியது என் கடமை. கவலைப்படாதீர்கள், நாங்கள் அடிக்கடி இந்தியா போய்வருவோம் என்று என் அப்போதைய ரஷ்ய மொழியில் சொன்னேன். மாமியார் குனிந்து என் செருப்பைப் பார்த்தார். ரஷ்ய மொழியில் நம் 'போ' மாதிரி ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ள முடியாது. நடந்து போனால் ஒன்று, வண்டியில் போனால் ஒன்று, பறந்து போனால் ஒன்று. அதிலும் ஒரு முறை போவதற்குத் தனி, போய்ப் போய் வருவதற்குத் தனி. நான் எடுத்துப்போட்டது நடப்பதற்கான சொல். 'நானும் உங்கள் மகளும் அவ்வப்போது இந்தியாவுக்கு நடந்து போய் வருவோம்' என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நிகிதினாவது குதிரை வைத்திருந்தார்.

நான் மாஸ்கோவுக்குப் படிக்க வந்து, பிறகு வேலையோடு ஒட்டிக்கொண்டவன். அப்பாவின் அலமாரி முழுக்க மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். சமோவார் என்ற சொல் எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். அதில் என்ன செய்வார்கள் என்று தெரியாது. மாமியார் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் தேடினேன். மின்கெட்டில் இருந்தது.

அந்த முதல் விருந்துக்கு நான் பத்து ரோஜா வாங்கிப்போயிருந்தேன். கதவைத் திறந்த மாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது. இரட்டைப்படையில் பூ கொடுப்பது அங்கே செத்தவர்களுக்கு. நூற்றி ஒன்று மொய் எழுதி வளர்ந்த பயலுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? போதாததற்கு வாசலுக்கு வெளியே நின்றபடியே பூவை நீட்டினேன். அவர் பின்வாங்கி, என்னை உள்ளே இழுத்து, அதன்பிறகே வாங்கினார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கொடுக்கல் வாங்கல் கூடாதாம். எங்கள் அம்மாவும் இதையே சொல்லித்தான் திட்டுவாள். ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து அம்மாவிடமே மாட்டிக்கொண்டேன் என்று அன்றைக்கே எனக்கு லேசாகப் பொறிதட்டியது.

சிரிப்பு அடுத்த சிக்கல். நான் எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறவன். ரஷ்யர்கள் காரணம் இருந்தால் சிரிப்பார்கள், நன்றாகவே சிரிப்பார்கள். காரணமில்லாமல் சிரிக்கிறவன் மூளை குறைந்தவன் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. பதிவு அலுவலகத்தில் நடந்த எங்கள் கல்யாணப் படங்களைப் பார்த்தால் தெரியும். பெண் வீட்டார் எல்லாரும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற முகத்தோடு நிற்கிறார்கள். நடுவில் நான் மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரிய. "இவனுக்கு யார் என்ன சொன்னது?" என்று ஒரு பாட்டி கேட்டாராம்.

அந்தக் கல்யாணத்தில்தான் என் குடும்பத் தலைவர் பதவியும் போனது. பெரிய வட்ட ரொட்டி ஒன்றை, நடுவில் உப்பு வைத்து, நீட்டுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கையால் தொடாமல் ஆளுக்கு ஒரு கடி கடிக்க வேண்டும். நாலு பேர் பார்க்கும்போது வாயைப் பிளந்து தின்னக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஓரத்தில் எலி கொறித்த மாதிரி கொறித்தேன். அவள் கால் ரொட்டியைப் பிய்த்தெடுத்தாள். கை தட்டினார்கள். பெரிய கடி யாருடையதோ அவர்தான் வீட்டுக்கு எஜமானர் என்பதை அதற்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

பேச்சுக்கு வருகிறேன். என் மனைவி நினைப்பதைச் சொல்வாள். நான் நினைக்காததைச் சொல்வேன். எங்கள் ஊரில் 'பார்க்கலாம்' என்றால் நடக்காது என்று பொருள். 'கண்டிப்பா வாரேன்' என்றால் வரமாட்டேன். 'இதோ வந்துட்டேன்' என்றால் இன்னும் குளிக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி அவள் ஒரு ஜனவரியில், மைனஸ் பதினைந்தில், மெட்ரோ வாசலில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறாள். வந்துட்டேன் என்றால் வந்து முடிந்துவிட்டது என்றுதானே பொருள், பிறகு ஆள் எங்கே என்பது அவள் வாதம். இலக்கணப்படி அவள் சொல்வது சரி. நான் கிளம்பியதையே வந்ததாகக் கணக்கு வைக்கிற மரபில் வந்தவன்.

இதற்கு அவள் மொழி என்னைப் பழிவாங்கியது. ரஷ்ய மொழியில் ஒரு காரியம் செய்து முடிந்ததா, செய்துகொண்டு மட்டும் இருந்ததா என்பதற்கு வினைச்சொல்லே வேறு. பாத்திரம் கழுவினாயா என்று கேட்பாள். 'மீல்' என்றால் கழுவும் காரியத்தில் ஈடுபட்டிருந்தேன். 'பமீல்' என்றால் கழுவி, முடித்து, கவிழ்த்தாயிற்று. வித்தியாசம் ஒரே ஓர் அசை. நான் எப்போதும் 'மீல்' என்பேன். கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்று நம் அலுவலகங்களில் சொல்வார்களே, அந்த மாதிரி. அவள் கையைக் கட்டிக்கொண்டு, "பமீல்?" என்பாள். பொய் சொல்ல இடம் தராத இலக்கணத்தோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஆனால் இந்த உத்தமர்களிடமும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். "தா நெத் நவேர்னயெ" என்றாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஆமாம் இல்லை அநேகமாக'. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடி பாதகத்தி, இது எங்கள் பார்க்கலாம்தானே!

ஆரம்பத்தில் நாங்கள் ஆங்கிலத்தில் சண்டை போட்டோம். இருவருக்கும் அந்நிய மொழி; சண்டையில் ருசியே இருக்காது. உறவுமுறைகளைச் சொல்லும்போது அதைவிட மோசம். அவள் அக்காவின் கணவர் எனக்கு என்ன வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் அவர் வந்து, சாப்பிட்டு, போய்விடுவார். ஒருநாள் அவரே என் தோளில் கைபோட்டு, நீ எனக்கு 'ஸ்வயாக்' என்றார். கட்டிய பெண்கள் சகோதரிகளாக இருந்தால் கணவன்மார் ஒருவருக்கொருவர் ஸ்வயாக். அட, சகலை! அன்று ராத்திரி நானும் அவளும் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மைத்துனன் ஷூரின். கொழுந்தன் தேவெர். நாத்தனார் ஸலோவ்கா. சம்பந்திக்கும் சொல் இருக்கிறது, ஆணுக்கு ஸ்வாத், பெண்ணுக்கு ஸ்வாத்யா. ஒரு விஷயத்தில் நம்மையே மிஞ்சுகிறார்கள்: நமக்கு இருவரும் மாமியார்தான்; அவர்களுக்குப் பெண்ணின் அம்மா வேறு, பையனின் அம்மா வேறு. கேலித் துணுக்குகள் முழுக்கப் பெண்ணின் அம்மா மேல்தான். நாம் மறுதரப்பில் கவனம் செலுத்துகிறோம்.

சகலை லாரி ஓட்டுகிறவர். எங்களுக்குள் போட்டி நடக்கிற களம் மாமியாரின் தாச்சா. சோவியத் காலத்தில் கொடுத்த அறுநூறு சதுர மீட்டர் தோட்டம், அதில் ஒரு மர வீடு. மே மாதம் உருளைக்கிழங்கு நட வேண்டும், செப்டம்பரில் தோண்ட வேண்டும். மாமியார் இரண்டு மருமகன்களின் வரிசைகளையும் நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அந்த ஒன்றும் சொல்லாமைக்கு நூறு அர்த்தம் உண்டு. என் பெரியம்மா இதில் கைதேர்ந்தவள் என்பதால் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தலை தீபாவளியும் கொண்டாடினேன், பிப்ரவரிப் பனியில். அவர்களுடைய பெரிய நோன்புக்கு முந்தின வாரம் மாஸ்லெனித்ஸா. வாரம் முழுக்க ப்ளின் சுடுவார்கள். நம் தோசைக்கு மெலிந்த தங்கச்சி. அதில் புதன்கிழமை, மாமியார் மருமகனைக் கூப்பிட்டு ப்ளின் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். போதும் என்றேன். நாலு வைத்தார். உண்மையிலேயே போதும் என்றேன். முகம் சுருங்கி இன்னும் நாலு வைத்தார். மோதிரம்தான் போடவில்லை.

ஆக, மகள் மாதிரி இல்லை தாய். மகளிடம் டீ வேண்டாம் என்று சொன்னால் டீ வராது. முதல் வருஷத்தில் நான் எத்தனை டீயை இப்படி இழந்திருக்கிறேன்! இரண்டாவது முறை கேட்பாள் என்று காத்திருப்பேன். வேண்டாம் என்றாயே, உன் சொல்லுக்கு மரியாதை கொடுத்தேன் என்பாள். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிறகு திருநெல்வேலிக்கு அவளைக் கூட்டிவந்தேன், பறந்துதான். நிகிதின் தம் குறிப்பில், வெள்ளை மனிதனைப் பார்க்க ஊரே பின்னால் வருகிறது என்று எழுதியிருக்கிறார். ஐந்து நூற்றாண்டு கழித்தும் டவுன் ரத வீதியில் நிலைமை மாறவில்லை. தமிழை அவள் எங்கள் அம்மாவிடமிருந்து காதால் பிடித்தாள். அம்மா என்னை நாள் முழுக்க 'ஏல' என்பாள். அது என் செல்லப் பெயர் என்று இவள் முடிவுகட்டிவிட்டாள். பெரியப்பா வீட்டு விருந்தில், பந்தி நடுவே, "ஏல, ரசம் குடு" என்றாள். பெரியப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவள் மேல் குற்றமில்லை. அவர்கள் மொழியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் நீதான், கடவுளும் நீதான். நமக்கும் கடவுள் நீதான். புருஷன் மட்டும்தான் நடுவில் புகுந்து 'நீங்க' ஆகிவிட்டான்.

அத்தை புதுப் பட்டுச்சேலையைக் கட்டிவந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கூடம் முழுக்க, ராசாத்தி மாதிரி இருக்கு என்றது. இவள் நிதானமாகப் பார்த்து, "நல்லா இல்ல. வயசு கூடத் தெரியுது" என்றாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தினாள். "எம்மா, கடைக்கு வாரியா? இந்த வீட்ல ஒருத்தியும் நெசம் சொல்ல மாட்டாளுவ."

சம்பந்திகள் இருவரும் செல்போனில் முகம் பார்த்துப் பேசினார்கள். நான் மொழிபெயர்ப்பாளன். மகள் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மாமியார் கத்த ஆரம்பித்தார். குளிர்ந்த தரையில் உட்கார்ந்தால் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. இங்கே மே மாதம், தரை தோசைக்கல்லாக இருந்தது.

"என்னல சொல்லுதாங்க?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டுத் தரை ரொம்பச் சுத்தமா இருக்காம்."

"இல்ல. பிள்ளை பிறக்காதுன்னு சொல்றாங்க" என்றாள் அவள்.

அம்மா பதறிப்போய் உள்ளே ஓடி ஒரு தலையணையைக் கொண்டுவந்து மருமகளைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தாள். மாமியார் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மருமகளை மகளாகப் பார்க்கிற மனுஷி என்று புகழ்ந்துவிட்டு, கண்பட்டுவிடாமல் இருக்க இடது தோளுக்கு மேல் மூன்று தரம் தூ தூ தூ என்றார். அம்மாவுக்கு இதற்கு மட்டும் என் உதவி வேண்டியிருக்கவில்லை. அவளும் மூன்று தரம் துப்பினாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்து, அவரவர் மொழியில், இளைத்துவிட்டான் என்றார்கள்.

கிளம்புகிற நாள். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பெட்டியைத் தூக்கினேன். அவள் எல்லாரையும் உட்காரச் சொன்னாள். பயணத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் ரஷ்யர்கள் வீட்டைவிட்டு இறங்குவார்கள். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா உட்பட எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆட்டோக்காரர்கூடத் திண்ணையில் உட்கார்ந்தார்.

நிமிஷம் முடிந்து எழுந்தபோது அம்மா மருமகளின் கன்னத்தைத் தொட்டு, "அடுத்த தடவ உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, அத்தை தும்மினாள். ஒற்றைத் தும்மல்.

அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். என் மனைவியோ கைகொட்டிச் சிரித்தாள். ஒருவர் பேசி முடிக்கும்போது பக்கத்தில் யாராவது தும்மினால், சொன்னது சத்தியம் என்று அவர்கள் ஊரில் கணக்கு.

"அம்மா வருவாங்க!" என்றாள் அவள்.

"அபசகுனமாச் சொல்லாத, தண்ணி குடிச்சிட்டு உக்காரு" என்றாள் அம்மா.

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். மணி ஓடிக்கொண்டிருந்தது. ட்வேர்க்காரர் ஒருவர் மறுபடி இந்தியாவுக்கு வருவாரா மாட்டாரா என்று இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தீர்ப்பு நான்தான் சொல்ல வேண்டுமாம்.

"பார்க்கலாம்" என்றேன்.

அம்மா நிம்மதியாகச் செம்பைக் கீழே வைத்தாள். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.