மாடி வீட்டுக்கு மாமன் போடும் மார்க்

வா மாப்ளே, உட்காரு. மாடியில மூணு போர்ஷன் எழுப்பி டூலெட் போர்டும் எழுதக் கொடுத்துட்டியாம். அதுக்குள்ள லண்டன்ல இருக்கற உன் கூட்டாளி போனைப் போட்டு வயித்துல புளியைக் கரைச்சுட்டானாமே! அங்கே வாடகை வீட்டுக்கும் மார்க் போடறாங்களாம், குறைஞ்ச மார்க் வாங்கினா வாடகைக்கே விட முடியாதாம். அது நம்ம செய்யூருக்கும் வந்துட்டா என்ன மாமா பண்றதுன்னு கேக்கறே.

அவன் சொன்னது நிஜந்தான். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டு இடத்துலயும் ஏ-லேந்து ஜி வரைக்கும் ஏழு கிரேடு. 2018 ஏப்ரல்லேந்து எஃப், ஜி வாங்கின வீட்டைப் புதுசா யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. 2020 ஏப்ரல்லேந்து ஏற்கெனவே ஆள் இருக்கற வீட்டுக்கும் அதே சட்டம். சில விதிவிலக்கு உண்டு. சர்ட்டிபிகேட்டுக்கு ஆயுசு 10 வருஷம். அவங்களுக்கு உள்ளே இருக்கற சூடு வெளியே ஓடக் கூடாது. நமக்கு வெளியே இருக்கற சூடு உள்ளே நுழையக் கூடாது. பரீட்சை ஒண்ணு, கேள்வித்தாள்தான் தலைகீழ்.

நீ ஏன் பயப்படறே? நம்ம நாட்டுல பிரிட்ஜுக்கு ஸ்டார் உண்டு, ஏசிக்கு உண்டு, 2023லேந்து சீலிங் ஃபேனுக்கும் கட்டாயம். அதையெல்லாம் மாட்டி வைக்கற வீட்டுக்கு மட்டும் ஸ்டார் எவனும் கேக்க மாட்டான். அதுக்காக டில்லிக்காரங்க சும்மா இருக்கலை. 2018 டிசம்பர்ல ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ன்னு குடியிருப்புகளுக்கு ஒரு விதிமுறை போட்டாங்க. சுவர், ஜன்னல் வழியா உள்ளே வர்ற சூடு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாதாம். மறு வருஷமே வீட்டுக்கும் ஸ்டார் லேபிள் வந்துச்சு. ஆனா விருப்பம் இருந்தா வாங்கிக்கோன்னுட்டாங்க. விருப்பத்துக்கு விட்டா நம்ம ஆளு ஹெல்மெட்டே போட மாட்டான், லேபிளா வாங்குவான்?

நம்ம தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017ல போட்டது, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு பண்ணுங்குது. சுவருக்கு வெள்ளையடிக்கறது வீட்டுக்காரன் பாடு, குழாய் வாஷர் மாத்தறது குடியிருக்கறவன் பாடுன்னு பங்கு பிரிச்சு வச்சிருக்கு. மொட்டைமாடி கொதிச்சா யார் பாடுன்னு மட்டும் சொல்லலை. ஆகவே தைரியமா இரு. ஈபி கம்பம் ஏறி ரிட்டயரானவன் சொல்றேன், அஞ்சு யோசனை கேட்டுக்கோ.

ஒண்ணு, சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு எவனுக்கும் வீட்டைக் காட்டாதே. கடல்காத்து ஏறின அப்புறம், சாயங்காலமா காட்டு. ‘அடடா, என்ன காத்து சார்’னு அட்வான்ஸை நீட்டிடுவான்.

ரெண்டு, படுக்கை ரூமை மேற்குப் பக்கமே வை. ஜன்னல் ஒண்ணு போதும், அதுக்கு மேல சன்ஷேடு வேண்டாம். சிமெண்ட் மிச்சம்.

மூணு, மொட்டைமாடியில தட்டு ஓடு பதிக்காதே. வெறும் கான்கிரீட் பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு, ராத்திரி பத்து மணிக்குப் படுத்திருக்கறவன் தலைமேல கக்கட்டும். கறுப்பு டேங்கையும் அங்கேயே வை. நாலு மணிக்குக் குழாயைத் தொறந்தா வென்னீர் வரும். கீசர் இலவசம்னு போர்டுல எழுதிக்கலாம்.

நாலு, கீழ் வீட்டுல கழட்டின பழைய ஃபேனை மேலே மாட்டு. அது 75 வாட் இழுக்கும், இப்ப வர்ற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுல சுத்தும். தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கே 32 யூனிட் வித்தியாசம். உனக்கென்ன? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

அஞ்சு, மூணு போர்ஷனுக்கும் ஒரே சர்வீஸ் வாங்கி, உள்ளே சப்-மீட்டர் போடு. 2016லேந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கு பாரு, அதை நீ வச்சுக்கோ. அவங்ககிட்ட யூனிட்டுக்கு இவ்வளவுன்னு கறந்துடு. மூணு குடித்தனமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினா ரேட்டே மாறிடும். அதையும் அவங்க தலையில கட்டிடு.

என்ன மாப்ளே, சிரிக்கறே? இதுல பாதியை ஏற்கெனவே பண்ணி முடிச்சுட்டே போலிருக்கே!

நம்ம ஊர்ல 4,000 மெகாவாட்டுக்கு நிலக்கரி கரண்ட் ஸ்டேஷன் வருது வருதுன்னு எத்தனை வருஷம் பேசினாங்க, ஞாபகம் இருக்கா? வந்தபாடில்லை. உன்னை மாதிரி ஊருக்கு நாலு பேர் அடுப்பு கட்டி அதுக்கு வீடுன்னு பேர் வச்சா, அவங்க ஃபைலைத் தூசி தட்டி எடுத்துடுவாங்க.

இன்னொண்ணு. உன் வீட்டுக்கு வரப்போறது டீச்சரோ, தாலுகா ஆபீஸ் கிளார்க்கோ, கல்பாக்கம் காண்ட்ராக்ட் வேலைக்காரனோதான். கணக்குத் தெரிஞ்ச ஜனம். முதல்ல வர்றவன் ஏமாந்தாலும், அடுத்து வர்ற வெவரமானவன் வீட்டைச் சுத்திப் பார்க்க மாட்டான், நேரா மீட்டர் பெட்டிகிட்ட போவான். அங்கே ரீடிங் எழுதின அட்டை இருந்தா புரட்டுவான். இல்லைன்னா கன்ஸ்யூமர் நம்பரைக் கேட்டு செல்போன்ல தட்டுவான், பில்லு வந்துடும். லண்டன்காரன் காசு கொடுத்து வாங்கற சர்ட்டிபிகேட்டை ஈபி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சும்மாவே போட்டுக் கொடுக்குது. பழைய குடித்தனம் கட்டின பில்லைப் பார்த்துட்டு, ‘மாசத்துக்கு வாடகை ஆறாயிரம், கரண்டு மூவாயிரம், ஆக ஒம்பதாயிரம்’னு கூட்டிப் பார்த்துக் கிளம்பிடுவான். மாட்டிக்கிட்டவனும் பதினோரு மாச அக்ரிமெண்ட் முடியற அன்னிக்கு லோடு ஆட்டோவோட நிப்பான். காலி வீட்டுக்கு எத்தனை ஸ்டார் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால இப்பவே மாடிக்கு ஏறி வெள்ளைத் தட்டு ஓடு பதி. கைல காசில்லைன்னா வருஷா வருஷம் பங்குனி பொறக்கறதுக்குள்ள சுண்ணாம்பு அடி. மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு இழு, எதிர்ச் சுவர்ல காத்து வெளியே போக ஒரு வழி விடு. அந்தப் பக்கமா ஒரு புங்கங்கன்னு நடு. போர்ஷனுக்கு ஒரு மீட்டர் கேட்டு எழுதிப் போடு. அப்புறம் பில்லை நீயே எடுத்துக் காட்டி, வாடகையில ஐநூறு கூடக் கேளு. கரண்ட்ல மாசம் ஆயிரம் மிஞ்சும்னா கொடுக்க மாட்டேன்னா சொல்வான்?

முதல்ல சொன்ன அஞ்சு யோசனையையும் வீணாக்காதே. எதிர்வீட்டுக்காரனும் மாடி எழுப்பறான்ல, அவன்கிட்ட போய் மாமா சொன்னார்னு பக்குவமா சொல்லிடு. அடுத்த சித்திரையில அவன் குடித்தனம் மூணும் உன் வாசல்ல வந்து நிக்கும்.