மலை மறைத்த படை

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தளபதி ஜாக்சனின் சிறு படை ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் வடக்கு ராணுவத்தை அலைக்கழித்தது எப்படி?

பதில்: வரைபடத்தில் மாசனட்டன் மலையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஏறக்குறைய 80 கி.மீ. நீளத்துக்குப் பள்ளத்தாக்கை இரண்டாகப் பிளக்கும் அந்த மலையை நடுவே கடக்க, நியூ மார்க்கெட் கணவாய் ஒன்றுதான் வழி. 1862 மே மாதம் வடக்குத் தளபதி பேங்க்ஸ் மலைக்கு மேற்கே ஸ்ட்ராஸ்பர்க்கில் காத்திருந்தார். ஜாக்சனோ கணவாய் வழியே கிழக்கே நழுவி, மலை மறைவிலேயே வடக்கே நடந்து, 23ஆம் தேதி ஃபிரண்ட் ராயலைப் பிடித்தார். 25ஆம் தேதி வின்செஸ்டரையும். பேங்க்ஸைக் காட்டிக்கொடுத்த பாவம் மலையைத்தான் சேரும்!

ஜாக்சனின் வரைபடக்காரர் ஹாட்ச்கிஸ், முன்னாள் பள்ளி ஆசிரியர். தளபதிக்கே புவியியல் பாடம் நடத்தினார். போர் வரைபடத்தில் கண்ணைக் கவரும் அம்புக்குறிகளை அப்புறம் பார்க்கலாம்; முதலில் மலை, ஆறு, பாலம் எங்கே என்று பாருங்கள்.