குமரி மாவட்ட இல்லங்களில் நாஸ் பெட்டி: திணை, அளவு, உரிமை குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வது மரபு. கிழக்கே ஆரல்வாய்மொழி, மேற்கே களியக்காவிளை, வடக்கே மலை, தெற்கே கடல். நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான், கல்குளத்தையும் விளவங்கோட்டையும் அதில் சேர்ப்பது பிழை என்று கறாரான வரலாற்றறிஞர்கள் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் நியாயமே. ஆயினும் நம் வீட்டுப் பெண்களை அவ்விரு வட்டங்களிலும் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இவ்வாய்வின் முடிவு அந்தச் சம்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே நான்கு வட்டங்களும் எல்லைக்குள் அடங்கும்.

ஆய்வுப்பொருள், வீட்டு இணையத்தோடு இணைந்து இரண்டு தொழில் பார்க்கும் ஒரு பெட்டி. தொலைக்காட்சிக்குச் சினிமா அனுப்புவது ஒன்று, குடும்பத்தின் படங்களையும் பத்திரங்களையும் காப்பது மற்றொன்று. கடையில் 'நாஸ்' என்பார்கள். உள்ளே ஒரு சிறு கணினி, ஒரு விசிறி, ஒன்று முதல் நான்கு வரை வன்தட்டுகள்.

காலத்தைப் பார்ப்போம். 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியை அறிவித்தது. உலகின் முதல் வன்தட்டு அதில்தான் இருந்தது: 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துக் கொள்ளளவு. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஆக, வன்தட்டு நம் மாவட்டத்துக்கு ஓரிரு மாதம் மூப்பு. இந்த உறவை இதுவரை எந்த ஆய்வாளரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனிக்க அதில் ஒன்றுமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

வன்தட்டுக்கு முன்பு இப்பகுதியின் தலையாய சேமிப்புக் கருவி பத்தாயம். அயனியிலோ பலாவிலோ செய்து வீட்டின் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டின் தகுதியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைத் தட்டிப் பார்த்தே கணித்தார்கள். ஆனால் நம் ஆய்வுக்கு முக்கியமானது பத்தாயத்துக்குள் போகாத நெல். விதைநெல்லை யாரும் அதில் கொட்டவில்லை. வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டித் தனியே வைத்தார்கள். பத்தாயத்தில் புழு விழுந்தாலும் அடுத்த பூ தப்பும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டவர் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகத் தொடர்கிறோம்.

கடையில் 4 டிபி என்று வாங்கிய தட்டு, வீட்டுக் கணினியில் மாட்டியதும் 3.63 என்று காட்டும். வாங்கியவர் கடைக்காரரைச் சபிப்பார். உண்மையில் உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கணினி 1024 1024 ஆக வகுக்கிறது. கோட்டைக்கு 21 மரக்கால் என்று கணக்குப் படித்தவர்கள், பாட்டம் அளக்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள், இதில் அதிர்ச்சியடையக் காரணமில்லை.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதற்கு முன், எதைச் சேமிக்கிறோம் என்று பிரிக்க வேண்டும். திருமண வீடியோ, இறந்துபோன பாட்டாவின் குரல், பட்டாவின் ஸ்கேன், கொடைவிழாவில் யாரோ கைபேசியில் பிடித்த வில்லுப்பாட்டு ஆகியவை விதை. போனால் வராது. சினிமாக்கள் சாப்பாட்டு நெல். தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். வளைகுடாவிலிருந்து தினமும் காலை ரோஜாப்பூவோடு வரும் வணக்கப் படங்கள் பதர். இந்த மூன்றாவது வகையைப் பற்றிக் கள ஆய்வில் கிடைத்த ஒரே கருத்து: "அந்தச் சவத்த தூரக் களைஞ்சிரும்வே." நாமும் உடன்படுகிறோம். நிமிடத்துக்கு 400 எம்பி பிடிக்கும் 4கே வீடியோவில் மூன்று மணி நேரக் கல்யாணம் 72 ஜிபி. வருடத்துக்குப் பத்துக் கல்யாணம் எடுத்தாலும் 4 டிபி தட்டு ஐந்து வருடம் தாங்கும். அதற்கு மேல் வேண்டும் என்பவர் சினிமா சேர்ப்பவர், அல்லது பதரைக் களைய மனம் வராதவர்.

இங்கே எதிர்க்கட்சியார் எழுந்து, "கூகுளிலேயே போட்டுவிட்டால் என்ன?" என்பார்கள். 2021 ஜூன் 1 வரை அது வலுவான வாதம். அன்றோடு கூகுள் போட்டோஸ் இலவசமாக எவ்வளவும் ஏற்றலாம் என்ற வசதியை நிறுத்திவிட்டது. இப்போது 15 ஜிபிக்குள், மின்னஞ்சலையும் சேர்த்து. மேலே சொன்ன கல்யாணம் பந்திக்கு இலை போடுவதற்குள் அது நிரம்பிவிடும்.

அடுத்து இடம். தொல்காப்பியர் நான்கு நிலம் சொன்னார். நான்கும் ஒரே மாவட்டத்தில், ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் கிடைப்பது குமரியின் பெருமை, நாஸ் பெட்டியின் துயரம்.

நெய்தல் நிலமாகிய முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் பகை உப்புக்காற்று. ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே காற்றைப் பெட்டியின் விசிறி தானே இழுத்து உள்ளே விட்டுக்கொள்கிறது. சர்க்யூட் பலகையின் இணைப்புகள் பச்சை பூக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் உள்ளறையில் வைக்க வேண்டும். பெரிய கொள்ளளவுத் தட்டுகள் பல ஹீலியம் நிரப்பி முற்றாக அடைத்தவை, கடலோரத்தாருக்கு ஏற்றவை. சிறிய தட்டுகளில் ஒரு காற்றுத்துளை இருக்கும். அதன்மேல் குழந்தையின் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டக் கூடாது.

குறிஞ்சியாகிய குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதியில் பகை இடி. ஐப்பசி மாதத்துச் சாயங்கால இடி ரப்பர் தோட்டத்துக்கு மேல் எப்படி இறங்கும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இணையம் ஃபைபரில் வந்தால் அந்த வழியில் ஆபத்தில்லை, கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. மின்கம்பி வழியே வருவதைத் தடுக்கச் சரியான எர்த்தும் மின்பாய்ச்சல் தடுப்பானும் வேண்டும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் கிணற்றோடு சேர்ந்து ஒழிந்துவிட்டது.

மருதமாகிய தேரூர், சுசீந்திரம், தோவாளைப் பகுதியில் பகை எறும்பு. வயலில் தண்ணீர் ஏறும்போது முட்டையைத் தூக்கிக்கொண்டு வெதுவெதுப்பான இடம் தேடி வரும். இரவும் பகலும் சூடாக இருக்கும் பெட்டியைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்? பல்லியும் வரும். முல்லைக்குத் தனி இலக்கணம் எழுத வாய்ப்பில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் மனைப்பிரிவாகிவிட்டது. மருதத்தின் விதியே அங்கும் செல்லும்.

பாலை தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. நாஸ் ஆய்வில் இதைச் சற்று விரித்து, மின்சாரம் போனால் நான்கு நிலமும் பாலையாகும் என்று கொள்ள வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, பல ஊர்களில் நாட்கணக்கில் இருட்டு. அத்தனை நாளும் பெட்டியை ஓட்ட யாராலும் முடியாது, ஓட்டவும் வேண்டாம். தேவைப்படுவது ஐந்து நிமிடம். யுஎஸ்பி கம்பியால் பெட்டியோடு பேசும் யு.பி.எஸ். ஒன்று இருந்தால், மின்சாரம் போன செய்தியைச் சொல்லிப் பெட்டியை முறையாக அணைய வைக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்ற தட்டில் கோப்பு மட்டுமல்ல, சில நேரம் கோப்புகளின் அட்டவணையே சிதையும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அது விசிறி ஓட்டும், பேசாது. மின்கட்டணம் பற்றிய அச்சமும் மிகை. இரு தட்டுப் பெட்டி 20 வாட் இழுத்தாலும் இரு மாதத்துக்கு 29 யூனிட்தான். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் கால்பங்குக்குச் சற்று மேல்.

இனி ஓட்டம். சினிமா ஓட்டுவதற்கு வலிமையான பெட்டி வேண்டும் என்பது பரவலான மூடநம்பிக்கை. 4கே ப்ளூரே வட்டின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட். சாதாரண கிகாபிட் கேபிள் அதைப்போல ஏழு மடங்கு தாங்கும், தட்டும் தாங்கும். தடை வேறிடத்தில் இருக்கிறது. பழைய வீட்டின் கனத்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது. அரங்குக்கும் மாடிக்கும் நடுவே கேட் 6 கேபிள் ஒன்று இழுத்துவிட்டால், அந்தச் செலவில் பெட்டியின் விலையில் பாதி மிச்சம்.

பிராசஸர் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று: தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவத்தைப் பெட்டியே உடனுக்குடன் மாற்றிக் கொடுப்பது. புதிய தொலைக்காட்சிகள் ஹெச்.இ.வி.சி. என்ற வீடியோ வடிவத்தைத் தாமே படிக்கும், ஆகவே மாற்ற வேண்டியதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் இது செல்லாது. இங்கே ஒரே வீட்டில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஓடும். பாட்டாவுக்கு இரண்டும் தாய்மொழி மாதிரிதான், அடிவரி கேட்கமாட்டார். சென்னையிலிருந்து வந்த மருமகள் கேட்பாள். ப்ளூரேயிலிருந்து எடுத்த படங்களில் அடிவரி பெரும்பாலும் எழுத்தாக இல்லாமல் சிறு சிறு படங்களாக இருக்கும். பல தொலைக்காட்சிச் செயலிகள் அதைக் காட்டத் தெரியாமல் பெட்டியிடம் விட்டுவிடும். பெட்டி ஒவ்வொரு சட்டகத்திலும் அடிவரியை ஒட்டி, முழுப் படத்தையும் மறுபடி வார்த்து அனுப்ப வேண்டும். மலிவான பெட்டி இங்கே திணறி நிற்கும். எனவே விதி: வெளியூரில் பெண்ணெடுத்த வீட்டார் வீடியோ மாற்றும் வசதி உள்ள இன்டெல் பிராசஸர் கொண்ட பெட்டி வாங்குக. உள்ளூரில் பெண்ணெடுத்தவர்கள் எதையும் வாங்கலாம். படம் ஓட்டும் செயலி பிளெக்ஸா ஜெல்லிஃபினா என்ற சண்டை சைவ வைணவச் சண்டை போன்றது, சுசீந்திரத்தில் தாணுமாலயன் தீர்த்துவைத்த வழியே அதற்கும் போதும்.

தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி எழுதும் எஸ்.எம்.ஆர். தட்டுகள், பழுதான தட்டை மாற்றி மறுகட்டமைக்கும்போது மிக மெதுவாகும். நாஸுக்கென்றே விற்ற தன் ரெட் வரிசையில் சில அளவுகள் அவ்வகையே என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-இல்தான் வெளியே சொன்னது. தடங்கள் ஏறி நிற்காத சி.எம்.ஆர். வகையா என்று பார்த்து வாங்குக.

இரட்டைத் தட்டில் ஒன்றின் நகலாக இன்னொன்றை ஓடவிடுவது ரெய்டு 1. ரெய்டு என்ற கருத்தை 1988-இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு தட்டு செத்தாலும் பெட்டி நிற்காது என்பதே அவர்கள் கொடுத்த வாக்கு. வீட்டு மாமா தவறிப்போய்க் கல்யாண ஆல்பத்தை அழித்தால் இரண்டு தட்டிலும் ஒரே நொடியில் அழியும். அதற்கு அவர்கள் பொறுப்பேற்கவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நச்சுநிரல், இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. எத்தனை தட்டு இருந்தும் பயனில்லை. ரௌட்டரில் வெளிவாசலைத் திறந்துவைக்காதே என்பது இதிலிருந்து எடுத்த பாதி விதி. மீதிப் பாதி, வெளியூரில் ஒரு படி வேண்டும் என்பது.

இந்த மாவட்டத்தின் வரலாறே ஒரு படியால் கிடைத்தது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளில் நிலம், கடன், அடிமை விற்பனை என்று பழைய நாஞ்சில் நாட்டின் கணக்குகள் கிடந்தன. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்து ஆராய்ந்தார், பின்னாளில் அ.கா. பெருமாள் நூலாகப் பதிப்பித்தார். கரையானுக்கும் ஈரத்துக்கும் நடுவே ஓலை பிழைத்திருக்க ஒரே உபாயம், யாராவது அதைப் பார்த்து வேறொன்றில் எழுதுவது. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதியும் இதையே சொல்கிறது: மூன்று படி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வெளியூரில்.

உரிமைச் சிக்கல் ஒன்றும் உண்டு. நிர்வாகிக் கடவுச்சொல் யாருக்கு? தற்போதைய வழக்கில் அது வீட்டுக் காரணவரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. மருமக்கள்வழிச் சொத்துரிமையைக் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதிக் கேலி செய்தார், 1926-இல் சட்டமும் வந்தது. கடவுச்சொல்லுக்கு மான்மியமும் இல்லை, சட்டமும் இல்லை. காரணவர் கண்ணை மூடினால் மக்களுக்கும் கிடையாது, மருமக்களுக்கும் கிடையாது. ஒரு தாளில் எழுதிப் பீரோவில் பத்திரங்களோடு வைக்க வேண்டும்.

இனி, வெளியூர் எது? பக்கத்து வீடு வெளியூர் ஆகாது, ஒரே புயல் இரண்டையும் பார்க்கும். ஷார்ஜாவில் தம்பி இருந்தால் இணையம் வழியே அனுப்பலாம். நொடிக்கு 20 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் 72 ஜிபி கல்யாணம் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேரும், இரவில் விட்டுவிடலாம். தம்பி இல்லாதவர், வேறு திணையில் வாழ்க்கைப்பட்ட அக்கா வீட்டைத் தேர்ந்துகொள்க. மருதத்தார் குறிஞ்சியில், குறிஞ்சியார் நெய்தலில். இரண்டு வெளித்தட்டு வாங்கி, நல்லது கெட்டதுக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வர வேண்டும். எந்த அக்காவோடு பேச்சுவார்த்தை இருக்கிறது என்று பார்த்து, அதன் பிறகே பெட்டி வாங்கக் கடைக்குப் போவது உத்தமம்.

தட்டைக் குறியாக்கம் செய்து பூட்டிக் கொடுப்பதே நூல் சொல்லும் முறை. நடைமுறையில், "என்ன மக்கா, பூட்டிக் கொண்டு வந்திருக்க? எங்கள நம்பலியோ?" என்ற கேள்வி வரும். அதற்கு 3-2-1 விதியில் விடையில்லை. ஆகவே பத்திரங்களை மட்டும் பூட்டி, மீதியைத் திறந்தே கொடுக்கலாம். தட்டு திரும்பி வரும்போது அதில் இரண்டு மலையாளத் தொடர்கள் கூடியிருந்தால் வட்டி என்று வரவு வைக்கவும்.