கூட்ரோட்டு அர்ச்சுனனுக்கு ஒரு வார்த்தை

ஏம்ப்பா தம்பி, மேடவாக்கம் கூட்ரோட்டுல ஷேர் ஆட்டோ ஏறவே கம்பியைப் புடிச்சு மூச்சு வாங்கற ஆளு நீ. இழுக்க 44 பவுண்டு பலம் கேக்கற வில்லு வாங்கியிருக்கியாமே! ரொம்ப சந்தோஷம். வேளச்சேரி ரோட்டுல எலும்பு டாக்டருங்களுக்கும் பொழப்பு நடக்கணுமில்ல?

மைதானத்துல நீ பழகறதைப் பாத்துக்கினுதான் இருக்கேன். நாணை இழுக்கறப்ப வில்லு வானத்தைப் பாக்குது. அப்பறம் தோளு காதுக்கு ஏறுது. நாணு தாடையைத் தொடறதுக்குள்ள அம்பு பறந்துடுது. பள்ளிக்கரணைக்கு எங்கிருந்தோ வர்ற பறவைங்க உனக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு?

ஒலிம்பிக் போற பசங்க 45, 50 பவுண்டு இழுக்கறாங்கதான். அவங்க தினம் நூத்துக்கணக்குல அம்பு விடறவங்க. நீ ஞாயித்துக்கெழமை, அதுவும் பிரியாணிக்கு முன்னாடி.

அர்ச்சுனனைவிட நீ பெரியவனா? கண்ணன் போனப்பறம் துவாரகைப் பொம்பளைங்களைக் கூட்டிக்கினு வந்தவனைத் திருடனுங்க மறிச்சானுங்க. காண்டீபத்துல நாணேத்தவே திண்டாடிப் போயிட்டான்னு மகாபாரதத்துல, மௌசல பருவத்துல இருக்கு. பாவம், வில்லோட கையை, அதான் லிம்பை, மாத்திக்கற வசதி அவனுக்கு இல்ல. உனக்கு இருக்கு. நடுப்பிடி அப்படியே இருக்கட்டும். மேலயும் கீழயும் இருக்கற லிம்பை மட்டும் கழட்டிட்டு 30, 32 பவுண்டுல போடு. லிம்புல எழுதியிருக்கறது 28 அங்குலம் இழுத்தா வர்ற கணக்கு. அதுக்குமேல அங்குலத்துக்குச் சுமாரா 2 பவுண்டு ஏறும். தராசுக் கொக்கியில மாட்டி, உன் கை இழுக்கற அளவுக்கு இழுத்துப் பாத்துட்டு அப்பறம் பேசு.

சோதனை ஒண்ணு இருக்கு. நாற்காலியில உக்காந்து, ரெண்டு காலையும் தரையிலேந்து தூக்கிக்கினு, வில்லை நேரா நீட்டி இழு. நாணு வந்தா அது உன் வில்லு. நாற்காலி சாஞ்சா கடைக்காரன் வில்லு.

சக்கரம் வச்ச காம்பவுண்டு வில்லு வாங்கறேன்னு கிளம்பாத. முழுசா இழுத்தப்பறம் பாரத்துல பெரும்பங்கை அது தாங்கிக்கும், வாஸ்தவம். ஆனா நடுவுல முழுப் பாரத்தையும் நீதான் தாண்டணும். தோளு திணறறதே அங்கதான்.

இழுக்கற எடை குறைஞ்சா அம்பு தாழப் போகும், குறிக்கம்பியையும் கீழ இறக்கணும். அம்பையும் மாத்து. புது எடைக்கு விறைப்பா இருக்கற பழைய அம்பு, வலக்கைக்காரனுக்கு இடப்பக்கமா ஓடும்.

கௌரவம் போயிடுமா? 50 வயசு தாண்டினவங்களுக்கு உலக வில்வித்தை அமைப்பே 70 மீட்டரை 60-ஆ குறைச்சிருக்கு. ஜப்பான்காரர் ஹிரோஷி யமமோட்டோ 1984 ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கினாரு. 20 வருஷம் கழிச்சு ஏதென்ஸ்ல, 41 வயசுல வெள்ளி. 1904 ஒலிம்பிக்ல வில்லாளி சாமுவேல் டுவால் அணியோட வெள்ளி வாங்கினப்ப அவருக்கு 68. உனக்கு இன்னும் டைம் இருக்கு, தோளை மட்டும் மிச்சம் வை.

கடைக்குப் போனா லிம்ப் மட்டும் கேளு. "சார், உங்க உடம்புக்கு இன்னும் 4 பவுண்டு தாங்கும்"னு கடைக்காரன் இழுத்தான்னா, முதல்ல மூணு டஜன் அம்பை அவனையே விடச் சொல்லு.