சூலக்கரை வான்தளம்: கொடிக்கம்பி, மிக்சி, இரண்டாம் ஆள் ஆகியவை குறித்த ஓர் ஆய்வு

வீட்டிலேயே மலிவாக சி.பி. ரேடியோ நிலையம் அமைப்பது எப்படி என்று அமெரிக்கர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். செட்டுக்கு இவ்வளவு, ஒயருக்கு இவ்வளவு, கம்பத்துக்கு இவ்வளவு என்று காலணா விடாமல் கணக்குப் போடுகிறவர்கள் ஒரே ஒரு சாமானை மட்டும் பட்டியலில் சேர்ப்பதில்லை: பதில் சொல்ல ஓர் ஆள். அங்கே அவன் சும்மா கிடைத்தான். அதனால் விலை தெரியவில்லை. விருதுநகரைத் தாண்டி சாத்தூர் போகும் நாலுவழிச் சாலையோரம் இருக்கும் சூலக்கரையில் அவனை எங்கே பிடிப்பது என்பதே இவ்வாய்வின் சிக்கல். ஆய்வுக்களம், எங்கள் வீட்டு மொட்டை மாடி. நிதிநல்கை, சென்ற தீபாவளிக்கு வெடி வாங்காமல் மிச்சம் பிடித்த தொகை. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வெடி வாங்காத வீடு என்ற பேச்சை அதற்கான வட்டியாகக் கொள்க.

சி.பி. எனப்படும் சிட்டிசன் பேண்டு, ரேடியோ அலைவரிசையில் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சிறு துண்டு. ஹாம் ரேடியோக்காரர்கள் வேறு. அவர்கள் பரீட்சை எழுதி அழைப்புக்குறி வாங்கிய படிப்பாளிகள். சி.பி.க்குப் பரீட்சை கிடையாது. அமெரிக்காவில் 1958 செப்டம்பரில் இந்த இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் போலீஸ் நிற்கிறது என்று லாரிக்காரர்கள் இதில் பேசிக்கொண்டார்கள். அது ஒரு பித்தாகவே பரவியது. நம் சாலையில் இதே சேதியை எதிரே வரும் வண்டிக்கு ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். கருவிச் செலவு இல்லை, ‘ஓவர்’ சொல்லும் வேலையும் இல்லை. சி.பி. நம்மிடம் வேரூன்றாததற்கு இது ஒன்றே போதிய காரணம் என்பது என் துணிபு.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 26.957 முதல் 27.383 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மேற்படாமல், உரிமம் இன்றியே பயன்படுத்தலாம் என்று 2005இல் விதி வந்துவிட்டது. வெறும் ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய என் மாமனார் இதை நம்பவே இல்லை. செட்டு ஒப்புதல் பெற்றதா என்று பார்த்து வாங்க வேண்டும். மற்றபடி இரண்டு நிபந்தனைகள்: அடுத்தவருக்கு நாம் இடைஞ்சல் செய்யக் கூடாது, நமக்கு இடைஞ்சல் வந்தால் முறையிடவும் கூடாது. வீட்டோடு மாப்பிள்ளைக்கு உள்ள உரிமைகள் இவை. மாமனாரிடம் கேட்டு உறுதி செய்தேன். இன்னொரு நுட்பம்: அமெரிக்கச் செட்டில் உள்ள 40 சேனல்களில் 38, 39, 40 மூன்றும் நம் வரம்புக்கு வெளியே விழுகின்றன. மீதி 37இலும் ஆள் இல்லாததால் இழப்பு பெரிதாகத் தெரியவில்லை.

வரலாற்றை நோக்கினால் வேறொரு கோணம் புலப்படும். 1895 வாக்கில் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியில்லாமல் அனுப்பிய அலையால் ஒரு மணியை அடிக்க வைத்தார். கொஞ்சம் வெடிமருந்தையும் பற்ற வைத்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 1920களின் தொடக்கத்தில், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதே கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். ஒரே ஊரில் வயர்லெஸ்ஸும் இருந்தது, மருந்தும் இருந்தது. நமக்கு மருந்து மட்டும் வந்து சேர்ந்தது. அவர்கள் மணியையும் கையோடு கொண்டுவந்திருந்தால் இம்மாவட்டப் பொருளாதாரம் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தனி ஆய்வாக எடுக்க உத்தேசம்.

வயர்லெஸ் வராவிட்டாலும் ஒயர் ஃபோன் இங்கேயே பிறந்தது. தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஒட்ட வந்த கட்டில் இரண்டு அடிப்பெட்டிகளை நைசாக உருவி, நடுவில் ஓட்டை போட்டு, நூலைக் கோத்து, உள்பக்கம் ஈர்க்குச்சியால் முடிச்சுப் போட்டால் நிலையம் தயார். நூல் விறைப்பாக இருந்தால் திண்ணையில் பேசுவது கொல்லையில் கேட்கும். இம்மாவட்டத்தில் பிள்ளைப் பருவம் கழித்தவர்களுக்கு இதைத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அடிப்பெட்டிகள் இரண்டு என்பது. ஒற்றைப் பெட்டிக்கு நூல் கட்டிய பிள்ளை ஒருவனும் இல்லை. அந்தப் பிழையைச் செய்ய ஐம்பது வயது ஆக வேண்டியிருக்கிறது.

இனிக் கட்டுமானம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினோரு மீட்டர். அதில் பாதிக்குச் சற்றே குறைவாக, ஐந்தேகால் மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி இரு கைகளாக விரித்தால் அது டைபோல் ஆன்டெனா. தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படி அறைக்கும் நடுவே துணி காயப்போடும் கொடிக்கம்பி ஏற்கெனவே இருந்தது. கட்டிங் பிளேயரோடு ஏறியபோது கீழிருந்து குரல் வந்தது.

“கொடிய எதுக்குங்க வெட்டுறீக?”

“ரேடியோவுக்கு.”

“அதுல யாரு பேசுவா?”

“யாராச்சும் பேசுவாங்க.”

“யாருன்னே தெரியாமலா பேசப் போறீக?”

சி.பி. இலக்கியம் முழுவதிலும் இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை நான் கண்டதில்லை.

வெட்டிய இடத்தில் சோப்பு டப்பா மூடி. இரு முனைகளிலும் நைலான் கயிறு. கீழே இறங்கும் ஒயருக்கு, டிஷ் வந்த பிறகு சுவரில் அநாதையாகத் தொங்கிய கேபிள் டிவி ஒயர். அது 75 ஓம், செட்டு கேட்பதோ 50 ஓம் என்று கண்டிப்பானவர்கள் முகம் சுளிப்பார்கள். டைபோலே எழுபதுக்கு மேல் என்பதால் மேலே பொருத்தம் நன்று. கீழே ஒன்றுக்கு ஒன்றரை என்ற அளவு பிசகு, கல்யாணத்திலேயே இதைவிட அதிகம் பொறுத்துக்கொள்கிறோம். ஒயரின் மேல்வலை அலுமினியம்; ஈயம் ஒட்டாது. நட்டு, போல்ட்டு போட்டு முறுக்க வேண்டும். மின்சாரத்துக்கு இன்வெர்ட்டரிலிருந்து ஓய்வு பெற்ற பேட்டரி. பேசும்போது செட்டு குடிப்பது ஒன்றரை, இரண்டு ஆம்பியர்தான். கரண்டிலிருந்து வரும் அடாப்டர்போல பேட்டரி இரையாது. ஐப்பசி இடிக்கு அஞ்சி எர்த் குழி தோண்டினேன்: கரிசல் மண், தூத்துக்குடி உப்பு, சீமைக்கருவேலங்கரி. மேகம் கறுத்தால் ஒயரைக் கழற்றிவிடுவது இவை மூன்றையும்விட மலிவு.

கொடி வடக்குத் தெற்காக ஓடுகிறது. டைபோல் தன் விலாப்பக்கம் நன்றாகப் பேசும், நுனிப்பக்கம் முணுமுணுக்கும். ஆகவே எங்கள் நிலையம் சிவகாசிக்கும் அருப்புக்கோட்டைக்கும் செவி சாய்க்கிறது. விருதுநகரையும் சாத்தூரையும் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. ஈர வேட்டி காயும் நாட்களில் யாரையுமே சட்டை செய்வதில்லை. சிவகாசிப் பக்கம் இந்தச் செட்டைக் கையில் எடுத்துப் போக மட்டும் கூடாது. பட்டாசு ஆபீசுக்குள் செல்ஃபோனுக்கே அனுமதியில்லை. உடம்பிலிருக்கும் நிலைமின் இறங்க, வாசலில் பதித்த தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகும் இடங்கள் அவை. போஸ் கல்கத்தாவில் நிரூபித்ததை வெம்பக்கோட்டையில் மறுபடி நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை.

செட்டைப் போட்டதும் முதலில் கேட்டது மிக்சி. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் தீப்பொறி பறக்கிறது. தீப்பொறி பறந்தால் எல்லா அலைவரிசையிலும் கரகரப்பு. இதை இழிவாகச் சொல்வதற்கில்லை. 1901இல் மார்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பியதும் தீப்பொறியால்தான். அவ்வகையில் எங்கள் தெருவில் காலை ஏழு முதல் எட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு மார்கோனிகள் ஒலிபரப்புகிறார்கள். இரண்டு வாரப் பயிற்சியில், தேங்காய்ச் சட்னி விட்டுவிட்டு வரும், இட்லி மாவு நீண்டு ஒலிக்கும் என்று பிரித்தறியக் கற்றேன். எதிர்வீட்டில் கிரைண்டர் பழுது என்பதை அவ்வீட்டாருக்கு முன்பே அறிந்தேன்.

ஆனால் ஆள்? பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் உச்சத்துக்குப் போகும்போது இந்த அலைகள் அயனி மண்டலத்தில் முட்டிப் பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இறங்கும். 2024இல் அப்படியொரு உச்சம் வந்தது. இந்தோனேசியாவில் 1980 முதல் பொதுமக்கள் ரேடியோவுக்கென்றே ஒரு பெரிய சங்கம் இருக்கிறது. ஒரு பகலில் புரியாத மொழியில் சந்தை இரைச்சல்போல் ஏதோ கேட்டது. ஜாவா என்று நானாக நம்பிக்கொண்டேன். விருதுநகர் கேட்காது, ஜாவா கேட்கும். பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்கு அன்னத்தைத் தூது விட்டபோதும் தூரம்தான் அதிகம். பக்கத்து வீட்டுக்குத் தூது விட்ட புலவர் எவருமில்லை.

விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்த வாரம் அது. 15ஆம் சேனலில் வழக்கம்போல, “சூலக்கரையிலிருந்து பேசுகிறேன், யாராவது கேட்கிறீர்களா, ஓவர்” என்றேன். தெருவிலிருந்து அலறல்.

“தாத்தா! எங் காரு தானா பின்னால போகுது!”

பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்பு. திருவிழாப் பொருட்காட்சியில் வாங்கிய ரிமோட் கார். இந்த வகைக் கார்களில் பலவும் 27.145 மெகாஹெர்ட்ஸில், 15க்கும் 16க்கும் நடுவே உள்ள சந்தில் ஓடுகிறவை. உள்ளே இருக்கும் ரிசீவர் மலிவு. அக்கம்பக்கத்தில் எது வந்தாலும் எஜமான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்ளும். சும்மா விட்டால் முன்னால் போகும், ரிமோட்டை அமுக்கினால் பின்னால் திரும்பும்.

“ரிமோட்ட அமுக்குடா” என்று மாடியிலிருந்து கத்தினேன். ஸ்பீக்கரில் ‘டிர்ர்ர்’ என்றது.

“இப்ப நீங்க அமுக்குங்க தாத்தா.”

அமுக்கினேன். கார் பின்னால் போய்ச் செருப்புக் குவியலில் முட்டி நின்றது. மறுபடி ‘டிர்ர்ர்’. நோட்டை எடுத்துத் தேதியும் நேரமும் குறித்தேன். சேனல்: 15. எதிர்நிலையம்: பக்கத்து வீட்டு வாசல். தூரம்: பதினாறு அடி.