இழுக்கறதும் அதே சக்கரம், திரும்பறதும் அதே சக்கரம்

வாங்க மாப்ளே, உக்காருங்க. காரு எடுக்கப் போறீங்களாம். காதர்பேட்டையில ஒருத்தன் வெள்ளை ஃபார்ச்சூனர்னான், பல்லடம் ரோட்டுல ஒருத்தன் பென்ஸுன்னான். விசாரிச்சுப் பார்த்தா நீங்க கேக்கறது செடானாமுங்க. காலை நீட்டி உக்காரற மாதிரி பெருசா இருக்கோணும், முன்சக்கரம் இழுக்கற வண்டியா இருக்கோணும், மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டோணும். இந்த மூணையும் ஒட்டுக்காக் கேக்கறவரு திருப்பூர்ல இப்ப நீங்க ஒருத்தருதான். பனியன்ல காசு பார்த்தவன் பூராவும் மலையேர்ற வண்டியை வாங்கி அனுப்பர்பாளையத்துக்கும் பெருமாநல்லூருக்கும் ஓட்டீட்டிருக்கறான். நடுவால எந்த மலை இருக்குதுன்னு நானும் தேடிப் பார்த்துட்டேன்.

அந்த வகையில உங்களைப் பார்த்தா எனக்குச் சந்தோசமுங்க. புத்தி தனியாப் போகுது. சரியான பக்கம் போகுதான்னு பேசுனாத்தான் தெரியும்.

முன்சக்கரம் இழுக்கறதுன்னா என்னன்னு எனக்கு வெளங்குன விதத்துல சொல்றேன். மாட்டு வண்டியில மாட்டை எங்க கட்டறோம்? முன்னால. இழுக்கறதும் அதுதான், திரும்பறதும் அதுதான். காங்கயம் காளை ரெண்டும் சமமா இழுக்கற வரைக்கும் வண்டி நேராப் போகும். தார்க்குச்சியில ஓங்கி ஒரு குத்துக் குத்துங்க. ஒரு காளை ஒரு எட்டு முந்தும், இன்னொண்ணு அரை எட்டுப் பிந்தும், வண்டி இட்டேரி வேலிக்குள்ள போய் நிக்கும். காருலயும் இதே கூத்துதான். இன்ஜினைக் குறுக்க வெச்சு, கியர்பாக்ஸை ஒரு பக்கமாத் தள்ளி வெக்கறதால, ரெண்டு சக்கரத்துக்கும் போற ஆக்சில் ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. பைய மிதிச்சா ஒண்ணும் தெரியாது. அழுத்தி மிதிச்சா ரெண்டும் வேற வேற அளவுக்கு முறுக்கிக்கும், ஸ்டீயரிங்கு கையை ஒரு பக்கமா இழுக்கும். டார்க் ஸ்டீயர்னு பேரு வெச்சிருக்கறாங்க.

அது மட்டுமில்லீங்க. வேகம் எடுக்கறப்ப வண்டியோட பாரம் பின்னால சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் சரியா அந்த நேரம் பார்த்து லேசாகும். பிக்கப்பு கூடக் கூட புடிப்புக் கொறையும். குமரன் ரோட்டு சிக்னல்ல நீங்க மிதிப்பீங்க, டயரு கிறீச்சுன்னு கத்தும், வண்டி அங்கயே நிக்கும். பக்கத்துல ஸ்கூட்டர்ல நிக்கற பனியன் கம்பெனி செக்கிங் புள்ளைங்க சிரிச்சுட்டே முந்திப் போகும்.

அப்பறம் எதுக்கு உலகமே இதைச் செய்யுதுன்னா, எடத்துக்காகத்தான். பின்னால வரைக்கும் ஷாஃப்ட்டு போக வேண்டியதில்லை. அம்பாசிடர்ல நடுவால உக்காந்தவனைக் கேட்டுப் பாருங்க, முழங்கால்ல மோவாயை வெச்சுட்டுத்தான் கண்ணாலத்துக்குப் போயிருப்பான். 1984-ல கான்டெஸா வந்துது. ஒடம்பு மட்டும் பெருசு, உள்ள அதே 1.5 லிட்டர் அம்பாசிடர் இன்ஜினு. இசுசு 1.8 வந்த பொறகுதான் அதுக்கு உசுரே வந்துது. ரெண்டும் பின்சக்கரம் தள்ளற வண்டிங்க. 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800-தான் முன்சக்கரம் இழுக்கற வித்தையை ஊருக்கெல்லாம் காட்டுச்சு. 796 சி.சி., மூணு சிலிண்டர். அதுல டார்க் ஸ்டீயர் வர்றதுக்கு மொதல்ல டார்க் வேணுமே!

இந்த விசயத்துல அடங்காம ஆடுனவன் அமெரிக்காக்காரன். ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோன்னு 1966-ல ஒரு வண்டி. 7 லிட்டர் வி-8, 385 குதிரை, அத்தனையும் முன்சக்கரத்துக்கு. கதவு ரெண்டே ரெண்டு, அதைப் பார்த்தா நீங்க கேக்கற செடான் கணக்குல வராது, ஆனாலும் கதை நல்லா இருக்குது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவால ரெண்டு இஞ்சு அகலத்துக்குச் சங்கிலி போட்டான். டயரையே தனியாச் செய்யச் சொன்னான். இழுக்கறதுக்கு இத்தனை யோசிச்சவன், நிறுத்தறதுக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கை வெச்சு விட்டுட்டான். அவ்வளவு கனமான வண்டி, ரெண்டு தடவை அழுத்திப் புடிச்சா பிரேக்கு சூடேறித் தளந்துரும். நிறுத்தறதை யோசிக்காம மிதிக்கறவங்களை நம்ம சொந்தத்துலயும் பார்த்திருக்கறேன். யாருன்னு சொல்லலையே, நீங்க ஏன் தலையைக் குனியறீங்க?

சரி, நம்ம கதைக்கு வருவோம். 2000-க்குப் பொறகு பத்துப் பதினஞ்சு வருசம் இந்தியாவுல இந்த மாதிரி வண்டிக்கு ஒரு நல்ல காலம் இருந்துதுங்க. ஹோண்டா அக்கார்டு, டொயோட்டா கேம்ரி, ஹூண்டாய் சொனாட்டா, ஃபோர்டு மாண்டியோ, 2004-ல ஸ்கோடா சூப்பர்ப். அக்கார்டுல 3.5 லிட்டர் வி-6 ஒண்ணு வந்துது பாருங்க, 275 குதிரை. அது சும்மா நிக்கறப்பவே பெட்ரோல் மீட்டரு நவுர்றது தெரியும். 2009-ல செவர்லே க்ரூஸ், 2 லிட்டர் டீசல், 150 குதிரை. அவிநாசி ரோட்டுல அதை ஓட்டுன பசங்க இன்னமும் அதைப் பத்திக் கண்ணு கலங்கப் பேசறாங்க. ஸ்டீயரிங்கை ரெண்டு கையிலயும் புடிக்காம மிதிச்சா அதுதான் உங்களை ஓட்டும். அந்தக் கம்பெனிக்காரன் 2017 கடைசியோட இந்தியாவுல விக்கறதை நிறுத்தீட்டுப் போயிட்டான். இப்ப ஒரு பார்ட்ஸு வேணும்னா தேடிக்கிட்டே திரியோணும். ஒவ்வொருத்தனாக் கழண்டுட்டாங்க. உங்க மாதிரி ஆளுக கொறஞ்சதுதான் காரணம், எல்லாரும் ஒசரத்துக்குப் போயிட்டாங்க.

இப்ப புதுசா வேணும்னா என்ன இருக்குதுன்னு பார்ப்போம். கேம்ரி இருக்குது. 2024 டிசம்பர்ல 48 லட்சம்னு வெலை சொன்னாங்க. 2.5 லிட்டர் ஹைபிரிட், 230 குதிரை, லிட்டருக்கு 25 கிலோமீட்டருக்கு மேல குடுக்கும்னு கணக்கு. பின்சீட்டுல உக்காந்தா தூக்கம் வரும். உங்களுக்கு அதுதான் கொறை. ஓட்டறவனுக்கும் தூக்கம் வர்ற வண்டி எதுக்குன்னு கேப்பீங்க, எனக்குத் தெரியும். சூப்பர்ப் 2024-ல வெளிநாட்டுலருந்து நேரா எறக்குனாங்க, 54 லட்சம், மொத்தமே 100 வண்டி. 2025 அக்டோபர்ல ஆக்டேவியா ஆர்.எஸ்., 265 குதிரை, அம்பது லட்சத்துக்குச் சித்தெ கம்மி, அதுவும் 100 வண்டிதான். விலை சொல்லி முடிக்கறதுக்குள்ள வித்துப் போச்சு. நீங்க அன்னிக்கு ஷிப்மென்ட்டு போகலைன்னு துறைமுகத்துக்குப் போன் போட்டுட்டு இருந்திருப்பீங்க.

வாங்கறேன்னே வெச்சுக்குங்க, கணக்கு என்ன ஆகுது? 2025 செப்டம்பர் 22-லருந்து பெரிய காருக்கு ஜி.எஸ்.டி. 40 சதம். கம்பெனி பேருல வாங்கி இன்புட்டு வரியைக் கழிச்சுக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. 13 பேருக்குள்ள உக்காரற வண்டிக்கு அது கெடையாது, சும்மா உங்க ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்க. அது போக நம்ம தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போனா ரோடு டாக்ஸு 20 சதம். 48 லட்சத்துக்கு ஒம்பது லட்சத்து அறுவதாயிரம். ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே போயிரும். அந்தக் காசுக்கு எத்தனை ஓவர்லாக் மிசினு வரும்னு நான் கேக்க மாட்டேன். நீங்க ராத்திரியே எண்ணிப் பார்த்திருப்பீங்க.

இன்னொண்ணும் நெனப்புல வெச்சுக்குங்க. 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, புதுக் காரோட வாசல்ல நின்னு என்ன பண்றதுன்னு முழிச்சவங்களைப் பார்த்திருக்கறேன். 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு அம்பது சதம் வரி போட்டப்பவும் அதே முழி. உங்க ஆர்டருல பாதி அந்தப் பக்கம்தானுங்களே? காருக்கு மாசத் தவணை வரி எறங்கற வரைக்கும் காத்திருக்காது.

எடத்தையும் பாருங்க. கேம்ரி நீளம் 4.92 மீட்டரு, பதினாறடிக்கு மேல. காதர்பேட்டைச் சந்துல எதுக்க டாடா ஏஸ்ல பேலு ஏத்தீட்டு ஒருத்தன் வந்தா, யாரு பின்னால போறது? 48 லட்சம் குடுத்தவன்தான் போகோணும். ஏஸ்காரன் நவுர மாட்டான். ஒத்தக்கண் பாலத்துல மழைத்தண்ணி நின்னா செடானுக்கு வயிறு நனையும். ஸ்பீடு பிரேக்கரு பூராவும் அடியில முத்தம் குடுக்கும். நல்லா ஓட்டோணும்னா நீங்க அவிநாசி தாண்டிப் பெரிய ரோட்டைத்தான் புடிக்கோணும். கோயமுத்தூர்ல கோல்டுவின்ஸ்லருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டரு ஜி.டி. நாயுடு பாலம் இருக்குது, அங்க ஒரு ஓட்டு ஓட்டலாம். ஆனா கேமராவும் பார்த்துட்டுத்தான் இருக்கும்.

அளவா வேணும்னா வெர்னா, வெர்டஸ்னு இருக்குது. வெர்னா டர்போ 160 குதிரை, வெர்டஸ் 1.5-ல 150. நாலரை மீட்டருதான், திருப்பூருக்கு அதுதான் சரியான அளவு. அதைச் சொன்னா உங்க மூஞ்சி சுருங்குதே. "மாமா, பெருசு"ங்கறீங்க. சரி, பெருசாவே பார்ப்போம்.

என்ற மனசுல இருக்கறதைச் சொல்லீர்றேன். 2016-ல வந்த சூப்பர்ப் இருக்குதுங்களே, அதுல பழசு ஒண்ணைத் தேடுங்க. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோலு, 180 குதிரை. அதுல ஒரு வேடிக்கை. ஒரே இன்ஜினுதான், ஆட்டோமேட்டிக் கியருல எடுத்தா 250 நியூட்டன் மீட்டர் டார்க், கையில போடற ஆறு கியருல எடுத்தா 320. ஏன்னா அந்த ஆட்டோமேட்டிக் பெட்டி 250-க்கு மேல தாங்காது, அதுக்காக இன்ஜினையே அடக்கி வெச்சிருக்கறாங்க. கியரு போட்டு ஓட்டத் தெரிஞ்சவனுக்கு 70 இனாம். காசு நெறையக் குடுத்து ஆட்டோமேட்டிக் வாங்குனவனுக்கு அது இல்லை. இந்த ஒரு நியாயத்துக்காகவே எனக்கு அந்த வண்டியப் புடிக்கும். 320-ங்கறது முன்சக்கரத்துக்கு ஏறக்குறைய வயிறு நெறைஞ்ச அளவு. அதுக்கு மேல போட்டா டயருக்குத்தான் தேய்மானம், உங்களுக்கு ஒண்ணும் வராது.

பின்னால காலை நீட்டலாம், பையன் ஆறடி ஆளா இருந்தாலும் உங்க சீட்டுல இடிக்க மாட்டான். டிக்கி 625 லிட்டரு, கண்ணாடியோட சேர்ந்து பூராவும் மேல தூக்கும். சாம்பிள் பெட்டியை மடக்காம வெக்கலாம். நடுவால மட்டும் ஒரு மேடு இருக்கும். நாலு சக்கரம் இழுக்கற மாடலுக்கும் அதே அடித்தளம்தான், அதனால விட்டது. அம்பாசிடர் ஞாபகத்துக்கு நடுவுல உங்க மச்சானை உக்கார வெச்சுக்குங்க. கதவுக்குள்ள கொடை வேற சொருகி வெச்சிருக்கறான் ஸ்கோடாக்காரன், பாவம். மேக்க இருக்கற மலை மழையைப் புடிச்சு வெச்சுட்டு நமக்கு எச்சம் மட்டும் விடுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வெயிலுக்குப் புடிச்சுக்கலாம்.

பழசு எடுக்கறப்ப மூணு பார்த்தாப் போதும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு மெதுவா நவுத்துங்க. டக்டக்குனு சத்தம் வந்தா சி.வி. ஜாயிண்டு போச்சுன்னு அர்த்தம். ஆக்சிலை மூடியிருக்கற ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸு வெளிய வந்திருக்குதான்னு கீழ குனிஞ்சு பாருங்க. முன் டயரு பின் டயரைவிடச் சீக்கிரம் தேயும், அது இந்த வண்டிக குணம். நாலும் ஒரே மாதிரி புதுசா மின்னுச்சுன்னா, முன்னால தேஞ்சது எப்படித் தேஞ்சுதுன்னு மறைக்கப் பார்க்கறாங்கன்னு யோசியுங்க. நான் கூட வந்து பக்கத்துல நின்னு ஒண்ணும் பேசாம "ம்ம்"னு மட்டும் சொல்றேன். அதுலயே ஒரு லட்சம் எறங்கும்.

இன்னொண்ணு மாப்ளே. எங்கக்கா, அதான் உங்கம்மா, நேத்துப் பொழுதோட போன் போட்டா. "தம்பி, அவன் காரு கீருன்னு பேசறான், நீதான் நாலு வார்த்தை சொல்லித் தடுக்கோணும்"னா. நானும் சரீன்னுட்டேன். கேட்டா, மாமன் ஒரு மணி நேரம் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாருன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை காலையில வண்டி பார்க்கக் கோயமுத்தூருக்குக் கெளம்புவோம். பெட்ரோலு உங்க செலவு, அன்னபூர்ணாவுல டிபனும் உங்க செலவு.