மச்சானோடு மடிக்கணினி வாங்கப் போவது எப்படி

முதல் வேலை, மச்சானைக் கூப்பிடுவது. 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச' மச்சான் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எந்தக் காலத்திலோ யாருக்கோ விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர். அன்று கிடைத்த பட்டம் இன்னும் செல்லுபடியாகிறது. அவரை விட்டுவிட்டுப் பழைய மடிக்கணினி வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது. கூட்டிக்கொண்டு போனால் ஐ7 வாங்கித்தான் திரும்புவீர்கள். எது செலவு குறைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன், கணினிக்கு வீட்டில் என்ன வேலை என்று ஒரு தாளில் எழுத வேண்டும். கரண்ட் பில் கட்டுவது, பையனின் ப்ராஜெக்ட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், அம்மா நேற்று பார்க்காமல் விட்ட சீரியல். நாலே வரி. ஐந்தாவதாக 'வீடியோ எடிட்டிங்' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் தனியாக எட்டாயிரம் ரூபாய் ஆகும். கடைக்காரர் பொய் சொல்வாரோ என்று பயந்துகொண்டே போகிறோம். முதல் பொய்யை நம் வீட்டிலேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்போம்.

அண்ணா சாலையில் இருந்து கேசினோ தியேட்டர் பக்கம் திரும்பினால் போதும், கால் தானாக உள்ளே போய்விடும். நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் ஜனங்கள் சொல்லும் ரிச்சி தெரு. 'லேப்டாப்பா சார், உள்ள வாங்க' என்று முதலில் கூப்பிடுகிறவர் கடைக்காரர் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடைக்குள் 'ரீஃபர்பிஷ்டு' என்ற சொல் அடிக்கடி கேட்கும். நியாயமாக அதற்கு அர்த்தம், திறந்து பார்த்து, பழுதான பாகத்தை மாற்றி, சோதித்துக் கொடுத்தது. பல இடங்களில் ஈரத்துணியால் துடைத்து மேலே ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியது. 'ஐடி கம்பெனி பீஸ் சார், லாட்ல வந்தது' என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான், நல்லதும்கூட. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகைகள் ஆபீஸ் அடிக்குத் தாங்குவதற்கென்றே செய்தவை. பளபளவென்று பக்கத்தில் இருக்கும் வீட்டு உபயோக மாடலைவிடப் பெரும்பாலும் அதிக நாள் உழைக்கும். ஆனால் 'ஒரு மேடம் யூஸ் பண்ணது' என்றால் மட்டும் சிரித்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் ஓட்டிய வண்டி என்று விற்பார்களே, அதே மேடம்தான்.

இந்த நேரத்தில் மச்சான் வாயைத் திறப்பார். "ஐ7 காட்டுங்க."

கடைக்காரர் முகம் மலரும். எங்கோ அடியில் கிடந்த ஒன்று மேலே வரும். இங்கே நீங்கள் செய்ய வேண்டியது, ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு, கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படிப்பது. ஐ7-7500யூ என்றால் ஏழாம் தலைமுறை, உள்ளே இரண்டே கோர். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, 2017-ல் வந்தது, நான்கு கோர். பேரில் சின்னது, வேலையில் பெரியது. அதைவிட முக்கியம், விண்டோஸ் 11 சில விதிவிலக்கு தவிர இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே ஏழாம் தலைமுறை ஐ7 என்பது, சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ள மட்டும் பயன்படும் பொருள். இதை மச்சானிடம் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். 'நீங்க சொன்ன மாதிரியே புதுத் தலைமுறையா பார்ப்போம்' என்று ஆரம்பியுங்கள்.

ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி போதும். ரேமைப் பிற்பாடு கூட்ட முடியுமா என்று கேளுங்கள். ஒல்லியாக, அழகாக இருப்பவற்றில் பலதில் அதைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள்.

இனிப் பரிசோதனை. கடையில் திரை முழுக்க அருவியும் பூவும் ஓடும், கறை தெரியாது. நோட்பேடைத் திறந்து பெரிதாக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திரையில் புள்ளியும் நிழலும் பளிச்சென்று தெரியும். அதிலேயே உங்கள் விலாசத்தைப் பின்கோடு வரை அடித்து, மீதிப் பட்டன்களையும் ஒரு சுற்று தட்டிவிடுங்கள். கன்ட்ரோல், சி, வி மூன்று மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் முந்தையவர் மென்பொருள் எழுதியவர் என்று அறிக. மூடியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். கீல் முனகினால் வேண்டாம்.

பேட்டரிதான் பெரிய சமாச்சாரம். 'பேக்கப் ரெண்டு மணி நேரம் வரும் சார்' என்பதற்கு வெளியே சாட்சி கிடையாது. சாட்சி கணினிக்குள்ளேயே இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து பேட்டரி ரிப்போர்ட் கேட்டால், பிறந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் மேலும் கீழுமாக வரும். நான் வாங்கியதில் 50,000 இருந்த இடத்தில் 19,000 வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன் என்பதுதான் கதை. டி480 திங்க்பேடில் பேட்டரி இரண்டு, ஒன்றைப் பின்னாலிருந்து கழற்றலாம். அப்படிப்பட்டதென்றால் மாற்றுவது சுலபம்.

அடுத்தது, மறுபடி ஆன் செய்து பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அது இன்னும் பழைய கம்பெனியின் சொத்து மாதிரிதான். ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. இன்னொரு கூத்தும் உண்டு. சிலவற்றில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு நெட்டில் இணைத்ததும், 'எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு' என்று ஆபீஸ் லாகின் கேட்கும். நமக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்படுவார்.

பேரம் பேச வாய் தேவையில்லை. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடிப்பார். இங்கே கால்குலேட்டரைத் தட்டி நம் பக்கம் திருப்புவார்கள். நீங்களும் தட்டித் திருப்புங்கள். பில் கேட்டால் '18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும் சார்' என்று மிரட்டுவார்கள். சேரட்டும். சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லையென்றால், கணினி திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்வது நீங்கள்தான். 'ஆபீஸ் ஃப்ரீயா போட்டுத் தரேன்' என்பதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸ் நிஜமாகவே இலவசம்.

ஏழு நாள் 'டெஸ்டிங் வாரண்டி' தருவார்கள். அந்த ஏழு நாளும் கணினிக்கு ஓய்வு கொடுக்காதீர்கள். சீரியலை விடாமல் ஓட்டுங்கள், அடி சுடுகிறதா என்று பாருங்கள். அம்மாவின் ஒத்துழைப்பு பரிபூரணமாக இருக்கும்.

எட்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் விலை கேட்பார். கொடுத்ததில் இரண்டாயிரம் குறைத்துச் சொல்வது வழக்கம். அப்போது பார்த்து அங்கே வரும் மச்சான் இன்னும் ஆயிரம் குறைப்பார். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பணத்தை எண்ணி உறையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வாசலில் நிற்பார். "நீங்கதான் சார் வரணும். உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமாமே?"

சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.